சாகுல் பாயின் காதைப் பொய்யாக்கியது நான்

அந்தச் சத்தத்தை வண்டிக்குள் வைத்தவள் நான்தான்.

இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. பேரிங் தேயவில்லை, ஆயில் குறையவில்லை. ஒரு இரும்பு நட்டை வாழைநாரில் கட்டி வண்டியின் அடிச்சட்டத்துக்குள் தொங்கவிட்டேன். அது தட்டியது. ஊரே அதை இன்ஜினின் சத்தம் என்று நம்பியது. நம்பும்படி நான் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன்... மூன்று சம்பா அறுவடை முடிந்து இப்போதுதான் சொல்கிறேன். அதுவும் சொல்ல வேண்டிய மனிதரிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம்! இது கோழைத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு வேண்டி நான் இங்கே வரவில்லை. மன்னிக்கிற இடத்தில் நீங்களும் இல்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் கணவர் நான் எழுதுவதை வாசிப்பதில்லை. இத்தனை வருடம் அது எனக்குக் குறையாக இருந்தது. இன்றைக்கு வசதியாக இருக்கிறது.

வண்டி ஒரு பழைய பிக்கப். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். நேரில் பார்த்தால் மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலின் நிறம். அதே ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் கணவர் ராஜேந்திரனின் பெயர் இருந்தது. அவர் குவைத்தில் இருந்த ஏழு வருடமும் அதை ஓட்டியவள் நான்.

எப்படி ஓட்ட ஆரம்பித்தேன் என்று கேட்கிறீர்களா? சம்பளத்துக்கு வைத்திருந்த டிரைவர் ஒரு குறுவை அறுவடையின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். களத்தில் நெல் குவிந்து கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாவி ஆணியில் தொங்கியது. எடுத்தேன். அவ்வளவுதான் என் வீரக்கதை. முதல் கியரிலேயே கொள்முதல் நிலையம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாத்துக் கூட்டம்கூட என்னை முந்திப் போனது. உரிமம் எல்லாம் பிறகுதான் எடுத்தேன்; அதையும் மறைக்கப் போவதில்லை.

என் அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர். அதே வயல்காரர்களின் நெல்லை நான் ஏற்றினேன். நாற்று ஏற்றினேன், வைக்கோல் ஏற்றினேன், ஒருமுறை பிரசவ வலி கண்ட பெண்ணைச் சாக்குமேல் மெத்தை போட்டுத் தஞ்சாவூர் வரைக்கும் கொண்டு போனேன். “தேனு, நாளைக்கு வண்டி கெடைக்குமா?” என்று வாசலில் வந்து கேட்பார்கள். கேட்டுவிட்டு என் பதிலுக்காக நிற்பார்கள். நிற்கட்டும் என்று ஒரு நொடி தாமதிப்பேன்.

அந்த ஒரு நொடி! அதன் ருசியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அதற்காகத்தான் செய்தேன். வண்டிக்காக என்று சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும்.

பழைய வண்டி ஓயாமல் பேசும். புதிய வண்டிக்குப் பேச ஒன்றும் இருக்காது. வாழ்ந்தால்தானே பேச்சு வரும்? குளிர்ந்த காலையில் ஃபேன் பெல்ட் வீறிட்டு அழும், சூடு ஏறியதும் ஓய்ந்துவிடும். டேப்பட் தளர்ந்தால் பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் போல மேலேயிருந்து கேட்கும். டீசலைப் பீச்சுகிற நாசில் சரியில்லை என்றால் அதைக் கடித்துக் கடித்துத் தின்பது போல ஒரு கொறிப்பு. சைலன்சர் கிளாம்ப் விட்டுப்போனால் பாலத்தில் ஏறும்போது மட்டும் பிதற்றும். இதெல்லாம் பயப்பட வேண்டிய சத்தங்கள் இல்லை. பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. அடியிலிருந்து, கனமாக, யாரோ கதவைத் தட்டுவது போல வருவது... பேரிங் போகிற சத்தம். அது வந்தால் இன்ஜினை இறக்க வேண்டும். அது வந்த பழைய வண்டியை எவரும் வாங்க மாட்டார்கள்.

இவற்றை எல்லாம் எனக்குப் பிரித்துக் காட்டியவர் சாகுல் பாய்.

நீடாமங்கலம் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்ட மெக்கானிக். சொந்த ஊர் நாகூர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்; என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரும் வண்டியோடு பாயின் கொட்டகைக்கு வருவார்கள். பாய் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு முழ நீளத் திருப்புளியின் நுனியை அதன் உடம்பில் அங்கங்கே ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரே சொல். “ஓடும்.” அல்லது, “ஓடாது.” அதற்குப் பிறகுதான் கை குலுக்கல். கேட்டுச் சொன்னதற்கு ஒரு டீயோடு சரி. வேறு எதுவும் வாங்க மாட்டார். சீர்காழியிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். “பாய் காது வச்சாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் காதைத்தான் நான்...

சரி, வரிசையாகவே சொல்கிறேன். இடையில் தப்பித்துக்கொள்ள எனக்கு வழி வேண்டாம்.

கணவர் திரும்பி வருவதற்கு முந்தைய சம்பாவில் ஒரு நாள், உண்மையாகவே என் வண்டி அடியிலிருந்து தட்ட ஆரம்பித்தது. இன்ஜினை இறக்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். கொள்முதல் நிலைய வரிசையில் நிறுத்தி, இறங்கி, குனிந்து, படுத்து, காது வைத்துத் தேடினேன். என் முறை வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். டயர் மாற்றும்போது பையிலிருந்து தவறிய ஒரு நட்டு, இன்ஜினுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டத்தின் துளை வழியாக உள்ளே விழுந்து கிடந்தது. வண்டி அதிரும்போது உள்சுவரில் மோதியது. இரும்பு அந்தச் சத்தத்தை மேலே ஏற்றி இன்ஜினின் சத்தமாக மாற்றிவிட்டது. வெளியே எடுத்துப் போட்டேன். அமைதி. அன்றைக்குச் சிரித்தேன். ஒரு சத்தம் தன் வீட்டை விட்டு வேறு வீட்டில் கேட்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பாயிடம் அதைச் சொல்ல நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கணவர் வந்தார். நல்ல மனிதர்தான். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்துச் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

“நான்தான் வந்துட்டேன்ல. இனிமே நீ எதுக்கு வெயில்ல காயணும், தேனு?”

“வெயில் என்னை ஒண்ணும் பண்ணலைங்க.”

“ஊர்ல சிரிக்கிறாங்க. பொண்டாட்டி ஸ்டீயரிங் புடிக்கிறா, புருசன் பக்கத்துல உக்காந்து வர்றான்னு.”

“அப்ப பின்னாடி ஏறி மூட்டை மேல உக்காருங்க.”

சிரித்தார். அடுத்த வாரம் சீர்காழி வைக்கோல் வியாபாரி ஒருவரிடம் வண்டியை விலை பேசிவிட்டார். விற்றுவிட்டு வாசலில் மாவு மில் போடலாமாம். நான் உள்ளே உட்கார்ந்து மாவு அரைக்கலாமாம், நிழலாக இருக்குமாம்.

மாட்டேன் என்றேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவர் கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்: “வண்டி யார் பேர்ல இருக்கு, தேனு?” குத்த வேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே நினைவூட்டினார். சோறு போட்டுச் சாப்பிட்டேன். சண்டை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

வழக்கப்படி வண்டி பாயிடம் போனது. வியாபாரி அன்றைக்கு வர முடியவில்லை; பாயின் சொல் போதும் என்றுவிட்டார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பாய் கேட்டார். கண்ணைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஓடும்! இன்னும் பத்து சம்பா ஓடும். தங்கச்சி மாதிரி எவன் வண்டி வச்சுக்குறான்? ராஜேந்திரா, தங்கத்த விக்கிறடா நீ.”

என் கணவருக்குப் பெருமை. எனக்கு? ஏழு வருடம் நான் துடைத்தது, எண்ணெய் மாற்றியது, ஒவ்வொரு காலையும் படுத்து போல்ட் போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தது... எல்லாம் சேர்ந்து அதை விற்கத் தகுந்த பொருளாக ஆக்கியிருக்கிறது! என் கவனம்தான் என்னிடமிருந்து அதைப் பிடுங்குகிறது. அப்படியானால் அந்தக் கவனத்தை நான் ஏன் திருப்பிப் போடக் கூடாது?

மறுநாள் விடிந்ததும், ஆயில் பார்ப்பதாகச் சொல்லி வண்டிக்குக் கீழே படுத்தேன். நட்டை வாழைநாரில் கட்டிச் சட்டத்தின் துளைக்குள் இறக்கி, வெளி நுனியை முடிச்சிட்டேன். நாரை ஓரமாக இழுத்து மாட்டினால் நட்டு அசையாது, விட்டால் தட்டும். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும், இல்லையா?

வியாபாரி வந்தார். வெண்ணாற்றுக் கரையில் ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் கியரில் ஏறியதும்... டக். டக் டக். டக்.

அவர் கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. நிறுத்தி இறங்கினார். என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னய்யா இது, இன்ஜினுக்குள்ள ஒலக்கை போட்டு இடிக்குது? பாய் நல்லாருக்குன்னு சொன்னாருன்னு நேரா வந்தேன். அவரு காதுல என்ன நெல்லு மூட்டையா அடுக்கி வச்சிருக்காரு?”

வேடிக்கை பார்க்க வண்டியின் பின்னால் ஏறி வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மதியத்துக்குள் நீடாமங்கலம் சாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் பாயிடம் மறுபடி போனோம். வழியில் டீக்கடையில் கணவர் இறங்கிய நேரத்தில், குனிந்து நாரை ஓரமாக மாட்டினேன். கொட்டகையில் வண்டி பூனை மாதிரி நின்றது. பாய் கேட்டார், ஒன்றுமில்லை. தானே ஓட்டிப் போனார், ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப மூன்று தடவை போய் வந்தார். இறங்கி நின்று வலது காதைத் தேய்த்துக்கொண்டார்.

“நெசமாவே தட்டுச்சா?”

“சத்தியமா பாய். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்” என்றார் கணவர்.

பாய் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீங்க கேட்டீங்களா?”

அவர் என்னைத் தனியாகக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். என் கணவரின் சத்தியம் அவருக்குப் போதவில்லை. என் வாய்ச் சொல் வேண்டியிருந்தது.

“கேட்டேன் பாய். நல்லாவே கேட்டுச்சு.”

“எனக்குக் கேக்கலையே...” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கொட்டகையில் அந்த வாக்கியம் அதுவரை ஒலித்ததில்லை.

ரோஷக்காரர். வியாபாரிக்குத் தானே போன் போட்டார். “நாளைக்கு என் கொட்டகைக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் கேப்போம். நான் சொன்னது தப்புன்னா ஒத்துக்குறேன்.”

மறுநாள்... கிளம்பும் முன் நாரைத் தளர்த்தி விட்டேன்.

எல்லார் முன்னாடியும் தட்டியது. பாயின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி! ஆம், நிம்மதி. சத்தம் இருக்கிறது, ஆகவே காது இருக்கிறது என்று நினைத்திருப்பார். திருப்புளியை ஊன்றினார். மேலே கேட்டார், பக்கவாட்டில் கேட்டார், ஆயில் தேங்குகிற சம்ப்பின் அடியில் கேட்டார். ஒவ்வொரு நாசில் குழாயாகத் தளர்த்திப் பார்த்தார். எந்தச் சிலிண்டரின் பேரிங் போயிருக்கிறதோ, அதற்கு டீசலை நிறுத்தினால் தட்டுவது குறையும். அதுதான் கணக்கு. எதற்கும் குறையவில்லை. குறையுமா?

பாய் நிமிர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார். சொன்னார்:

“எதுக்குமே மாறலையே. இது இன்ஜின்ல இல்லையோ? கீழ சேஸிஸ்ல எங்கயாச்சும்...”

கேட்டீர்களா? கண்டுபிடித்துவிட்டார்! அத்தனை பேர் வேடிக்கை பார்க்க, மானம் தொங்கிக்கொண்டிருக்க, அந்த மனிதரின் காது உண்மையின் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு அடி. அவர் குனிந்தால் போதும்.

நான் சொன்னேன்: “சேஸிஸ் பூரா காலையிலேயே பாத்துட்டேன் பாய். ஒரு போல்ட் பாக்கியில்லாம தொட்டுப் பாத்தேன். எல்லாம் டைட்டா இருக்கு.”

அவர் குனியவில்லை.

நட்டைத் தொங்கவிட்டது என் குற்றம் இல்லை. அதை இன்றைக்கும் நான் குற்றம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். என் ஏழு வருடத்தை எவனோ ஒருவனுக்குக் கைமாற்றப் பார்த்தவர்களை ஒரு சின்ன நட்டால் தடுத்தேன். அது என் உரிமை. இந்த ஒரு வாக்கியம்தான்... இதுதான் என் குற்றம். நான் தினமும் காலையில் போல்ட் தொட்டுப் பார்ப்பவள் என்று அவருக்குத் தெரியும். தன் காது சொன்னதை ஒதுக்கிவிட்டு, என் கை சொன்னதை நம்பினார்.

“அப்ப எல்லா சிலிண்டருக்கும் பொதுவா இருக்குற மெயின் பேரிங்காத்தான் இருக்கணும்” என்றார். வியாபாரியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் மொதல்ல சொன்னது தப்பு. ஓடாது” என்றார்.

வியாபாரி போய்விட்டார். போகும்போது பாயின் தோளில் தட்டி, “வயசாவுதுல்ல பாய், விடுங்க” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஏசியிருக்கலாம்.

அன்றைக்கே நட்டை எடுத்துவிட்டேன். மறுநாள் வண்டியைக் கொட்டகையில் விட்டோம். பாய் சம்ப்பைக் கழற்றி, ஒவ்வொரு பேரிங்காக வெளியே எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிற்காமல் எங்கே போவது? மெயின் பேரிங்குகளைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கீறல் இல்லை. நிலா மாதிரி மின்னின. ஒவ்வொன்றாகத் துடைத்தார், ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடைசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல பேரிங்கைப் பார்த்துத் துக்கப்பட்ட மெக்கானிக்கை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டேன்.

“நல்லாருக்குன்னேன், தட்டுச்சு. போச்சுன்னேன், நல்லாருக்கு” என்றார். யாரிடமும் இல்லை, அந்த இரும்பிடம்.

மாட்டித் தந்தார். வண்டி தட்டவில்லை. ஆனால் அதற்குத் தட்டுகிற வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் போதும். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. கணவர் ஒரு அரிசி ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். “ஓடுற வரைக்கும் ஓட்டு போ” என்றார். ஓட்டினேன். ஓட்டுகிறேன். அடுத்த குறுவைக்கு வாசலில் வந்து, “தேனு, வண்டி கெடைக்குமா?” என்றார்கள். ஒரு நொடி தாமதித்தேன். ருசி குறையவில்லை! பொய் சொல்லப் போவதில்லை உங்களிடம். அப்படியே இருந்தது.

நான் ஜெயித்தேன். தோற்றவர் அந்தப் போட்டியிலேயே இல்லாத ஒருவர்.

பாய் அதற்குப் பிறகு காது வைப்பதை நிறுத்திக்கொண்டார். வண்டி கொண்டு வந்தவர்களிடம், “உங்களுக்கு என்ன சத்தம் கேக்குது?” என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துப் போனார்கள். அவர் மனைவி ஒரு நாள் என் வண்டியை மறித்து, “தஞ்சாவூர்ல காது டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போகணும் தேனு. பஸ்ல வர மாட்டேங்கிறாரு. நீ கூப்பிட்டா வருவாரு” என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அதே வண்டியில்! பாய் பக்கத்து இருக்கையில் வழியெல்லாம் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு வந்தார். இன்ஜினைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பாபநாசம் தாண்டும்போது, “இப்ப தட்டுதா தங்கச்சி?” என்றார்.

“இல்ல பாய்.”

“எனக்கும் கேக்கல. ஆனா அன்னைக்கும் எனக்குக் கேக்கல இல்ல...”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சாலை காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீரில் வானம். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, இந்தத் துளையைப் பாருங்கள் பாய் என்று காட்டியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். ஏன் சொல்லவில்லை? பாய் என் கணவரிடம் மறைக்க மாட்டார். அந்த மனிதருக்கு மறைக்கத் தெரியாது. கணவருக்குத் தெரிந்தால் வண்டி போகும். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு... அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றுவிடும். இரண்டையும் எடை போட்டேன். கியர் மாற்றினேன்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். காது நன்றாக இருக்கிறது, இந்த வயதுக்கு மிக நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வெளியே வந்து பாய் காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார்.

“மெஷினு பீப்பு பீப்புனு காதுல ஊதுது. கேக்குதான்னா கேக்கத்தான் செய்யும். பீப்புனு கத்துற இன்ஜினை நான் இன்னிய வரைக்கும் பாத்ததில்ல தங்கச்சி.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இறங்கிய மூட்டை திரும்ப ஏறி உட்கார்ந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கு என்மேல் இருக்கும் மிச்ச இரக்கத்தையும் தீர்த்துவிடும். தீரட்டும்.

அதற்கு அடுத்த மாதம் பாய் எனக்குப் போன் செய்தார். ஒரு வண்டி வந்திருக்கிறது, சத்தம் பிடிபடவில்லை, வந்து கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். “எனக்குக் கேக்காதது அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சே. உங்க காது நல்ல காது.”

போனேன். கேட்டேன். கிளட்ச் பேரிங் என்றேன். சரியாக இருந்தது. மறுவாரம் ஒன்று. அதுவும் சரி. இப்போது எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள், “தேனு காது வச்சாச்சா?” என்று கேட்கிறார்கள். நாகூரிலிருந்து, மன்னார்குடியிலிருந்து வருகிறார்கள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஓடும். ஓடாது. அவர் சொன்ன அதே இரண்டு சொற்கள்.

எனக்கு அது பிடித்திருக்கிறது. சொல்லிவிட்டேன், போங்கள்! ராத்திரி தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் நான் எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். ஒரு மனிதரின் காதைக் களவாடி என் தலையில் பொருத்திக்கொண்டிருக்கிறேன். அது நன்றாகவே கேட்கிறது. என் வேலையை, என் சாவியை, என் ஒரு நொடியைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேறு எந்த வழியை விட்டு வைத்திருந்தார்கள்? ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருந்திருந்தால் சாகுல் பாயின் காது அவரிடமே இருந்திருக்கும். என்னைக் கேட்கும் முன் அதை எழுதியவர்களைக் கேளுங்கள்.

இப்படிச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது. எனக்கே தெரிகிறது. உயராமல் சொல்ல முடிந்தால்தான் அது நியாயமோ என்னவோ...

ஆனால் பாயின் முன்னால் என் குரல் உயர்வதில்லை.

நேற்று மத்தியானம் போயிருந்தேன். நாற்றுத் தட்டு ஏற்றுகிற ஒரு பழைய பிக்கப் நின்றது. அடியிலிருந்து தட்டியது. ஓட்டி வந்தவர் முகத்தில் நான் அறிந்த அந்தக் கலக்கம். பாய் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். கேட்டேன். முதலில் கீழே படுத்து அடிச்சட்டம் முழுக்கத் தேடினேன். எப்போதும் அங்கேதான் முதலில் தேடுகிறேன். ஒன்றுமில்லை. பிறகு இன்ஜின். நாசில் குழாய்களை ஒவ்வொன்றாகப் பாய் தளர்த்தினார். மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டுவது பாதியாகக் குறைந்தது. தெளிவாக, வெட்டவெளிச்சமாகக் குறைந்தது. குழந்தைக்குக்கூடக் கேட்டிருக்கும்.

பாய் கையில் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. கண்ணில் தெரிந்தது. ஆனாலும் தானாக முடிவு சொல்லாமல் என்னைக் கேட்டார்.

“மூணாவதா தங்கச்சி?”

ஆமாம் பாய், உங்களுக்கே கேட்டதே, அன்றைக்கும் உங்களுக்குச் சரியாகத்தான் கேட்டது, நான்தான்... என்று முழுவதையும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பாய்...” என்றேன்.

“சொல்லுங்க.”

வண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் என் வண்டி, அடுத்த நடைக்கு நாற்று ஏற்ற வேண்டிய வண்டி, வெயிலில் நின்றது.

“மூணாவதுதான். கழட்டுங்க.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, அவர் தன் காதால் ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் கழற்ற ஆரம்பித்தார்.